மேடைக் கொலைப் பொருட்கள்

ஜூன் 3

மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று எழுத்து வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு உன் மேல் அன்பு இல்லை. எழுதப் படித்த கையோடு பொய் எழுத வேண்டாம் என்று வெறும் மச்சானுக்கு என்று போட்டிருக்கிறேன்.

ஆமாம், நான்தான். உன் பளார் மாமா. இது என் சொந்தக் கையெழுத்து. இந்த வரிக்கு வந்து சேர ஒரு காலைப் பொழுது ஆகிவிட்டது. உன் அக்கா வந்து எட்டிப் பார்த்து, "என்ன, கல்வெட்டா செதுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்குப் பொறாமை. 'ழ' எழுதும்போது பேனா வளைந்து உள்ளே போய் வெளியே வருகிறதே, அந்தச் சுகம் அவளுக்கு என்ன தெரியும்?

இதற்கெல்லாம் காரணம் நீதான். என் இடது கட்டை விரலை வெட்டிப் போட்டாய். மேடைப் பலகையின் இடுக்கில் கிடந்ததை விளக்குக்காரர் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டாது என்று சொல்லிக் குப்பைத் தட்டில் வைத்தார். பிறகு பாங்குக்குப் போனால், மை தடவ விரல் எங்கே என்று கேட்கிறார்கள். "மச்சான் வாங்கிக்கிட்டான்" என்றேன். சிரித்தார்கள். இனிமேல் கையெழுத்துப் போடுங்கள் பெரியவரே என்றார்கள். ஆகவே நீ வெட்டியது விரலை இல்லை, என் கைநாட்டை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கும் ஊரின் நாடக அரங்கத்தார் எனக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள். நம் இரண்டு பேரின் வாள் சண்டை வேண்டுமாம், பழைய ஆயுதப் பெட்டியோடு. அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். விமான டிக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். வருகிறேன்.

அலுமினிய வாள்கள், ரப்பர் கோடரி, சுடாத துப்பாக்கி, அமுக்கினால் பிடிக்குள் போகும் குத்துவாள், எல்லாம் வரும். அதோடு எனக்குச் சொல்லாமல் அன்று நீ கொண்டுவந்தாயே ஓர் இரும்பு வாள், அதுவும் வரும். அதில் என் ரத்தம் கறுத்துக் கிடக்கிறது. உன் அக்காவைத் துடைக்க விடவில்லை.

சண்டையில் நமக்கு இரண்டே வார்த்தை. கீழே விழுந்து கிடப்பவன் 'எடு' என்றால் கேடயம் தயார், வாளை ஓங்கி இறக்கு என்று அர்த்தம். 'விடு' என்றால் தயார் இல்லை, நிறுத்து என்று அர்த்தம். அன்று கேடயத்தின் வார் அறுந்துபோனது. நான் 'விடு' என்று கத்தினேன். நீ இறக்கினாய்.

இந்த முறை கீழே படுப்பது நீ. இரும்பு வாள் என் கையில் இருக்கும். நீ 'விடு' என்று கத்து. எனக்குக் காது கேட்கிறதா பார்ப்போம்.

உன் மாமா

*

ஜூன் 11

மாமாவுக்கு,

உங்களுக்கு அன்பு வராதபோது எனக்கு வணக்கம் எங்கிருந்து வரும்? நேராகவே எழுதுகிறேன்.

எனக்குக் கேட்டது 'எடு'. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன், வக்கீல் வைத்துக் கேட்டாலும் அதையே சொல்வேன். இரும்பு வாள் கொண்டுவந்தது என் தப்பு. அலுமினியம் மோதினால் தகரக் கடை மாதிரி சத்தம்தான் வருகிறது, பொறி பறப்பதில்லை. பொறிக்கு ஆசைப்பட்டேன். மழுக்கித் தருகிறேன் என்று சொன்ன பட்டறைக்காரர் முனையை மட்டும் மழுக்கிவிட்டு ஓரத்தை அப்படியே விட்டுவிட்டார். நானும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருப்பது என் விரல்.

உங்கள் விரலைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறீர்கள். என் கன்னத்தைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா? சண்டைக்கு முன்னால் நீங்கள் என்னை அறைய வேண்டும், அது கதை. "கத்தி பொய்யா இருக்கலாம்டா, அறை பொய்யா இருந்தா கைதட்டு வராது" என்பீர்கள். மேடைக்கு மேடை நிஜமாகவே அறைந்தீர்கள். உதடு கிழிந்திருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று கையோடு வந்திருக்கிறது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு வசனம் பேசியிருக்கிறேன். ஜனங்கள் உங்களுக்குப் பளார் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அந்தப் பெயர் என் முகத்தில் அடித்து எடுத்த பெயர். விரல் ஒன்றுதான், உங்களுக்குக் கணக்கு சுலபம்.

பெட்டியை மட்டும் அனுப்புங்கள், நீங்கள் வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் இதைக் கேளுங்கள். ஆயுதப் பெட்டியை விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக விட மாட்டார்கள். கவுண்டரில் எடை போட்டுக் கீழே அனுப்பும் சாமானோடுதான் போக வேண்டும். அவர்கள் கேட்கும் முன்பே, நாடகச் சாமான், எதுவும் நிஜம் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். அரங்கத்தாரின் அழைப்பு பெட்டிக்குள் மேலாக இருக்கட்டும். பெட்டியின் மேல் என்ன சாமான் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இரும்பு வாளை வைக்காதீர்கள். இதை எனக்காகச் சொல்லவில்லை, அக்காவுக்காக.

மீறிக் கொண்டுவந்தால், நானும் இங்கே பொம்மைக் கத்தியோடு காத்திருக்க மாட்டேன்.

*

ஜூன் 19

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. நானே படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது, கூடவே சந்தோஷமும் வந்தது. ஒருவன் என்னைத் திட்டி எழுதியதை இன்னொருவன் வாயால் கேட்காமல், என் கண்ணாலேயே வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை. 'முகத்தில் அடித்து எடுத்த பெயர்' என்ற வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அக்கா, "நல்லாத்தான் எழுதியிருக்கான், உறைக்குதா?" என்றாள். உறைக்கவில்லை. நானும் என் வாத்தியாரிடம் அறை வாங்கித்தான் மேடை ஏறினேன். அறை வாங்கியவன் யாரும் செத்ததில்லை.

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. உன் அக்காவின் பழைய புடவைகளைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றினேன். குத்துவாளுக்கு நீலம், துப்பாக்கிக்குப் பூப்போட்டது. கோடரி குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருக்கிறது. இரும்பு வாளை அடியில், இரண்டு அலுமினிய வாளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே நிறத் துணி. யாருக்குத் தெரியப் போகிறது?

"அது எதுக்கு?" என்று உன் அக்கா கேட்டாள்.

"உன் தம்பி சாமான். அவன்கிட்டயே சேக்கணும்."

"சேத்துட்டு ரெண்டு பேரும் உசுரோட வந்து நில்லுங்க. ஒருத்தர் மட்டும் வந்தீங்க, யாரா இருந்தாலும் இந்தக் கதவு திறக்காது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ சொன்னபடி பெட்டியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பட்டைப் பேனாவால் எழுதினேன். மச்சான், நீ பார்க்க வேண்டும்! ஒவ்வொரு எழுத்தும் சுரைக்காய் அளவு. மேடைக் கொலைப் பொருட்கள். என்னிடம் யோசனை கேட்காத எழுத்து ஒன்றுகூட இல்லை. முதலில் 'க' வெறும் ஆளாக மொட்டையாக நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் கொடுத்தேன். என்ன கம்பீரம்!

வருகிறேன். படுப்பதற்கு இடம் பார்த்து வை.

உன் மாமா

*

ஜூன் 23

மாமா,

பெட்டியின் மேல் இருப்பதை உடனே கிழித்துப் போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது கலை இல்லை, கொலை. 'க' மொட்டையாகத்தான் நிற்க வேண்டும். உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது, உங்கள் விமானம் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன், கை சும்மா இருக்கவில்லை.

அரங்கத்தார் சொன்ன நாளில் விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. மனசு மாறிவிட்டதா, மாட்டிக்கொண்டீர்களா என்று தெரியவில்லை. எதுவானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் இங்கே ஒரு வாள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பட்டறைக்காரரிடம் எதையும் மழுக்கச் சொல்லவில்லை. அக்கா வந்து காலைப் பிடித்தாலும் நான் கீழே படுத்துக் கழுத்தைக் காட்ட மாட்டேன்.

*

ஜூலை 2

மச்சான்,

உன் கடிதம் கதவடியில் கிடந்தது. 'க' மொட்டையாக நிற்க வேண்டியதுதான், இப்போது தெரிகிறது. படுக்கையில் சாய்ந்தபடி எழுதுகிறேன். விலா எலும்பு ஒன்று உடைந்திருக்கிறது. சிரித்தால் வலிக்கிறது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அதனால் வலித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். "தாத்தா, பெட்டியில என்ன?" என்றாள்.

"நாடகச் சாமான்மா. எதுவும் நெசம் இல்ல. மேலயே எழுதியிருக்கேன் பாரு."

படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இத யாரு எழுதுனது?"

"நானேதாம்மா!" என்றேன், மார்பைத் தட்டிக்கொண்டு.

அப்புறம் இரண்டு காவலர்கள் வந்து என்னையும் பெட்டியையும் உள்ளே ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல் இல்லாத அறை, நடுவில் ஒரு இரும்பு மேஜை. அங்கே தடித்த கழுத்தோடு ஒரு அதிகாரி. ஒவ்வொரு புடவையாக அவிழ்த்தார்கள். ரப்பர் கோடரியால் ஒரு காவலர் இன்னொருவர் தலையில் அடித்துப் பார்த்தார். குத்துவாளை ஒருவர் தன் வயிற்றிலேயே குத்திக்கொண்டு "ஐயோ அம்மா" என்று சுவரோடு சரிந்தார். நன்றாகவே செத்தார், நம் குழுவில் சேர்க்கலாம். அதிகாரிகூடச் சிரித்தார். "கொலைன்னு எழுதிட்டு வந்திருக்கியே, கலைய்யா அது, கலை!" என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடியில் இருந்த இரும்பு வாளை அவர் தூக்கியபோது கை கனத்தில் தாழ்ந்தது. ஓரத்தைத் தடவினார். விரலில் சிவப்பாக ஒரு கோடு. சுவரோரம் செத்துக் கிடந்தவர் எழுந்து நின்றார்.

"இது யாருக்கு?"

எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. "என் மச்சானுக்கு" என்றேன்.

பளார்.

மச்சான், என் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியில் நின்று கேட்டேன். என்ன சத்தம் அது! தலைக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு ஒரு விசில். பிறகு விசிலைத் தவிர வேறு எதுவும் இல்லை. விழாமல் இருக்க மேஜையைப் பிடித்தேன். கை வாள் மேல் பட்டது. அதிகாரியின் வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. எனக்குத் தண்ணீருக்கு அடியில் இருந்து ஒரு சொல் வந்தது. எடு. அதிகாரி சொல்லும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எடுத்தேன்.

அப்புறம் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல முடியாது. முதல் லத்தி மணிக்கட்டில் விழுந்தது. வாள் தரையில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அடுத்தது விலாவில். ஒரு பூட்ஸ் முதுகில், ஒரு முழங்கால் கழுத்தில். என் புருவம் பிளந்து, தரையில் இருந்த என் ரத்தத்திலேயே என் மூக்கு அழுந்தியது. சற்று முன் எனக்காகச் செத்துக் காட்டினாரே, அவர்தான் அதிகமாக மிதித்தார்.

அரங்கத்தார் போன் பேசி, கடிதம் அனுப்பிய பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகாரி என் வலது காதருகே குனிந்து, "விடு, விடுன்னு தொண்ட கிழியக் கத்துறேன், தூக்குறியே கிழவா! சுட்டிருப்பானுங்க உன்ன" என்றார்.

"எனக்கு எடுன்னு கேட்டுச்சு சார்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அது என் வசனம் இல்லை. உன் வசனம். நான் ஒரு தடவைகூட நம்பாத வசனம்.

ஒரே ஒரு அறை மச்சான் எனக்கு. அதற்கே இன்று வரை இடது காது கேட்கவில்லை.

இரும்பு வாளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். மற்றதைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அரங்கத்தார் வேறு டிக்கெட் போட்டுத் தருகிறார்களாம். அதெல்லாம் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் எழுது.

உனக்கு எந்தக் காது?

*

ஜூலை 8

மாமா,

இடது.

நீங்கள் வலது கைக்காரர். வேறு எதுவாக இருக்க முடியும்?

விரல் போவதற்கு முந்தின வருஷம். சந்தை மைதானத்தில் ஆடினோமே, மழை வந்து பாதியில் நின்றதே, அங்கே. நீங்கள் அறைந்ததும் விசில் வந்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. டாக்டரிடம் போனேன். உள்ளே சவ்வு கந்தலாகிக் கிடக்கிறது என்றார். யாராவது அடித்தார்களா என்று கேட்டார். "தொழில் சார்" என்றேன்.

உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அறைவதை நிறுத்துவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு ஆளைத் தேடுவீர்கள் என்று பயம் மட்டும் இருந்தது. காது போன சண்டைக்காரனை எவன் மேடையில் ஏற்றுவான்? அதற்குப் பிறகு உங்கள் வாயைப் பார்த்தே சண்டை போட்டேன். 'எடு'வுக்கு வாய் திறந்தே தொடங்கும். 'விடு'வுக்குப் பல் உதட்டைத் தொடும். அன்று வார் அறுந்து கேடயம் உங்கள் முகத்தின் மேல் ஏறிவிட்டது. எனக்கு வாய் தெரியவில்லை. நீங்கள் விழுந்து கிடந்தது என் இடப்பக்கம். மிச்சம் எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு நாம் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டீர்கள், எழுதினேன். நீங்கள் அடி வாங்கியதைப் படித்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பூட்ஸ் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் சாப்பிட முடியவில்லை.

நான் சொல்லிவைத்த வாள் வந்துவிட்டது. என் அறை மூலையில் நிற்கிறது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

*

ஜூலை 13

மச்சான்,

உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "சின்ன வயசுல கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். இப்பல்லாம் மூணு தடவ கூப்பிடணும். திமிருன்னு நானும் வஞ்சிருக்கேன்" என்றாள். தட்டை வைக்கும் சத்தத்தில் தெரிகிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்று.

வருகிறேன். தாளில் கலை என்று எழுதி, டீச்சரிடம் காட்டித் திருத்தி ஒட்டிவிட்டேன். பெட்டியில் இரும்பு எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை. இந்தத் தடவை கதையை மாற்றிக்கொள்வோம். முதல் அறை உன்னுடையது. நான் நிற்கிறேன். கையைத் தூக்கித் தடுக்க மாட்டேன், முகத்தைத் திருப்ப மாட்டேன். நிஜமாக அடி. எனக்கு இன்னும் ஒரு காது நன்றாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள். அதற்குப் பிறகு நான் கீழே படுக்கிறேன். மூலையில் நிற்கும் வாளோ, பெட்டியில் வரும் வாளோ, எது உன் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு வா. நான் எந்த வார்த்தையும் சொல்லப் போவதில்லை.

உன் மாமா

*

ஜூலை 22

மச்சான்,

ஊர் திரும்பும் விமானத்தில் இருந்து எழுதுகிறேன். முன்னால் ஒரு சின்னப் பலகை, அதை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேகத்துக்கு மேலே உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்குவது போல் நடித்துக்கொண்டு என் எழுத்தை எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். பெட்டி கீழே எங்கேயோ சாமான்களோடு வருகிறது. இந்த முறை கவுண்டரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நீ என்னிடம் பேசாமல் போய்விட்டாய். எனக்கும் வாய் வரவில்லை. வாய்க்கு வராதது கைக்கு வருகிறதா பார்க்கிறேன்.

திரை விலகியபோது பக்கத் திரைக்குப் பின்னால் உன் வாள் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். விளக்கு பட்டு அதன் ஓரம் மின்னியது. அலுமினியம் அப்படி மின்னாது. சரி, என்று நினைத்துக்கொண்டேன். நீ வந்து என் முன்னால் நின்றாய். உன் கண்ணில் நடிப்பு இல்லை. கை மேலே போனது. அந்தக் கை கனத்துடன் வருவது எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷம் அந்தக் கனத்தைக் கொடுத்தவன் இல்லையா நான். பல்லைக் கடித்துக்கொண்டேன். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். நீயும் இப்படித்தானே தினமும் நின்றிருப்பாய் என்று அந்தக் கணத்தில்தான் தோன்றியது.

பளார் என்று சத்தம் கேட்டது. என் தலை தானாகவே திரும்பியது. உடம்பு முழுக்க அறை வாங்கியதாக நினைத்து ஆடியது. கன்னத்தில் காற்று மட்டும்தான் பட்டிருந்தது. உன் இன்னொரு கை உன் தொடையில் இருந்தது. அடித்துக்கொண்டது நீ.

முன் வரிசையில் ஒரு அம்மா, "ஐயையோ, பெரியவர இப்படிப் போட்டு அடிக்கிறானே பாவி!" என்று எழுந்துவிட்டாள். அரங்கம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. அப்புறம் கைதட்டல். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், நல்ல காதால். குறைகிறதா என்று பார்த்தேன். ஒரு தட்டுகூடக் குறையவில்லை. எனக்கு வந்ததைவிட அதிகமாகவே வந்தது.

நான் படுத்தேன். நீ பக்கத் திரைப் பக்கம் கையை நீட்டினாய். எந்த வாள் வருகிறது என்று நான் பார்க்கவில்லை. கேடயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கடைச் சத்தம் வந்ததும்தான் மூச்சு விட்டேன். அதை ஜனங்கள் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விமானம் இறங்கப் போகிறதாம். பலகையை மடக்கச் சொல்கிறார்கள். நான் மட்டும் போய் நிற்பதால் உன் அக்கா கதவைத் திறக்காமலே, தம்பி எங்கே என்று கேட்பாள். நல்லா இருக்கான், நாலு மாசம் அங்கேயே ஆட்டம் பேசிட்டாங்க என்று சொல்வேன். அடிச்சானா என்று கேட்பாள். அதற்குத்தான் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

நீ அடித்திருக்கலாம், மச்சான். அடித்திருந்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறியிருக்கும்.